மீனவர் தலைவர் ஸர் வில்லியம் கோக்கர்

உழவன் விளைத்த நெல்லுக்கும், நெசவாளன் நெய்த ஆடைக்கும், மீனவன் பிடித்த மீனுக்கும் விலை உண்டு. அவ்விலையைக் குறிப்பவர் யாவர் என்னும் வினாவே அவர்தம் வாழ்வையும் தாழ்வையும் முடிவு செய்வதாகும். பண்டத்தை ஆக்கியவன் கைக்குத் துலாக்கோலும் எட்டாது, கணக்கேடும் விளங்காது போயின், அவன் உழைப்பு முழுவதும் பிறர் களஞ்சியத்தையே நிரப்பும். இவ்வுண்மையை இளமையிலேயே நேரிற் கண்டு, கடலொடு போராடும் எளிய மக்களை ஒரு சங்கமாகத் திரட்டி, அவர்தம் மீனுக்கு நேரிய விலை தேடித் தர வாழ்நாளெல்லாம் முயன்றவர் வில்லியம் போர்ட் கோக்கர் என்பார். அவர் வென்ற இடமும் உண்டு. தோற்ற இடமும் உண்டு. இரண்டும் நமக்குப் பாடமாதலின், அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

நாடும் தொழிலும்

கோக்கர் பிறந்த நியூபவுண்டுலாந்து, வட அட்லாண்டிக் மாகடலில், வட அமெரிக்காவின் கீழ்கரையை அடுத்துக் கிடக்கும் பெருந்தீவாகும். 1949-ஆம் ஆண்டிலேதான் அது கனடாவின் ஒரு மாகாணமாயிற்று; அதற்கு முன்னர்ப் பிரிட்டிஷ் பேரரசின்கீழ்த் தனி நாடாக விளங்கியது. நிலம் பாறை மிக்கது. பயிருக்கேற்ற காலமும் குறுகியது. ஆதலின் மக்கள் கடலையே வயலாகக் கொண்டு, குடாக்களின் ஓரத்தே சிறு சிறு ஊர்களாகச் சிதறி வாழ்ந்தனர். அவர்தம் செல்வமெல்லாம் காட் என்னும் மீனே.

கோடையில் ஆடவர் சிறு படகுகளிற் சென்று மீன் பிடிப்பர். கரை சேர்ந்த மீனைத் தலை அரிந்து, குடல் களைந்து, முதுகெலும்பு நீக்கி விரித்து உப்பிலிடுவர். பின்னர்ப் பெண்டிரும் சிறாரும் அதனைக் கழுவி, கழிகளால் அமைத்த பரண்களின்மேற் பரப்பி வெயிலிலும் காற்றிலும் உலர்த்துவர். மழை வருமுன் குவித்து மூட வேண்டும். வெயில் கடுமையானாலும் மீன் வெந்து கெடும். இவ்வாறு பல கிழமை பாடுபட்டு ஆக்கிய கருவாடு ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, பிரேசில், மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய தொலைநாடுகளுக்குக் கப்பலேறிச் செல்லும். இத்தொழிலில் பெண்டிரின் உழைப்புப் பாதியளவினதாயினும், கணக்கேட்டில் அதற்கெனத் தனிக் கூலி பெரும்பாலும் எழுதப்பட்டதில்லை.

இனி, வாணிக முறையைக் காண்போம். இளவேனிலில் ஊர் வணிகர் மீனவனுக்கு மாவு, தேயிலை, வெல்லப்பாகு, உப்பு, வலை, கயிறு முதலியவற்றைக் கடனாகக் கொடுப்பார். இலையுதிர் காலத்தில் மீனவன் தன் கருவாடு முழுவதையும் அவ்வணிகரிடமே ஒப்புவித்துக் கடனைக் கழிக்க வேண்டும். கொடுத்த பண்டத்தின் விலையைக் குறிப்பவரும் வணிகரே. கொண்ட மீனின் விலையைக் குறிப்பவரும் அவரே. மீனைத் தரம் பிரிப்பவனும் அவரிடம் கூலி பெறுபவனே. முதல் தரத்து மீன் அவன் கைபட்டு இரண்டாம் தரமாகும்; இரண்டாம் தரம் மூன்றாவதாகும். சிலவிடங்களில் தரமே பாராது, நல்லதையும் தீயதையும் ஒரே விலைக்குக் கொள்ளும் வழக்கமும் இருந்தது. அவ்விடங்களில் மீனை நன்கு பதப்படுத்த வேண்டுமென்னும் ஊக்கம் மீனவனுக்கு எங்ஙனம் பிறக்கும்? ஆண்டின் முடிவில் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கடனே மிஞ்சும். கையில் ஒரு காசும் கண்டறியாது முதுமை எய்தினோர் பலர். வேறொருவருக்கு மீனை விற்கத் துணிந்தால் அடுத்த ஆண்டு கடன் கிடையாது. கடன் இன்றேல் குளிர்காலத்தில் உணவும் கிடையாது.

ஊர் வணிகரும் முழு உரிமையுடையவர் அல்லர். தலைநகராகிய செயின்ட் ஜான்ஸில் இருந்த பெரிய ஏற்றுமதி வணிகருக்கு அவரும் கடன்பட்டவரே. அப்பெருவணிகரோ ஒருவரையொருவர் முந்தும் வேட்கையால், இலையுதிர் காலத்திலேயே ஒரே துறைமுகத்திற்குக் கப்பல் பல அனுப்பி, அங்கு விலையைத் தாமே வீழ்த்திக்கொள்வர். அவ்விழப்பு இறங்கி இறங்கி வந்து, முடிவில் படகிலிருக்கும் மீனவன் தலைமேலேயே விழும். இதனை நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்; கோக்கரின் பிற்காலப் போராட்டம் இவ்விடத்திலேயே நிகழ்ந்தது.

பிறப்பும் இளமையும்

கோக்கர் 1871-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் செயின்ட் ஜான்ஸ் நகரில், எளிய தொழிலாளர் குடியிற் பிறந்தார். இளம் வயதிலேயே பள்ளியை விட்டுத் துறைமுகத்தில் மீன் சுமக்கும் வேலையில் அமர்ந்தார். அங்குச் சிறுவர்க்குத் தரப்பட்ட கூலி பக்கத்துத் துறையிற் கொடுப்பதினும் குறைவாயிருத்தல் கண்டு, தம் பதின்மூன்றாம் வயதில் உடன் உழைத்த சிறுவரைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்து வென்றார் என்பர். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்னும் பழமொழிக்கு இது சான்றாகும்.

பின்னர், தலைநகரத்து வணிக நிலையம் ஒன்றின் ஊழியராய், வடகரையிலுள்ள நாட்டர்டாம் குடாவில் ஹெரிங் நெக் என்னும் ஊரை அடுத்த கடையொன்றை நடத்தச் சென்றார். இளமையிலேயே அக்கடையைத் தமக்கே உரிமையாக்கிக் கொண்டார். ஆனால் 1894-ஆம் ஆண்டு டிசம்பரில் நாட்டின் வங்கிகள் முறிந்தபோது, பலருடைய முதலோடு அவருடைய முதலும் அழிந்தது. ஆயினும் கடை போயிற்றேயன்றிக் கடையிற் கற்ற கல்வி போகவில்லை. வணிகரின் கணக்கேட்டைத் தம் கையாலேயே எழுதியவராதலின், மீனவனின் வறுமை கடலிலன்றி அவ்வேட்டிலேயே பிறக்கின்றது என்பதை அவர் நன்குணர்ந்தார்.

அதன்பின் தீவொன்றிற் காடழித்துப் பண்ணையமைத்து, அதற்குக் கோக்கர்வில் எனத் தம் பெயரையே இட்டார். இடையே போர்ட் பிளாண்ட்போர்டு என்னும் ஊரில் தந்தி நிலைய ஊழியராகவும் இருந்தார். அங்கும் அவர் வாளாவிருந்தாரல்லர். தந்தி ஊழியர்க்கு ஒரு சங்கம் கண்டார். பிற நாட்டுச் சந்தையின் நிலை தந்திக் கம்பி வழியே தலைநகருக்கு விரைந்து வருவதையும், அச்செய்தி மீனவன் செவிக்கு மட்டும் எட்டாதிருப்பதையும் உணர்தற்கு அவ்வேலை துணைசெய்தது எனக் கூறலாம். மீண்டும் பண்ணைக்கு வந்து, நீண்ட குளிர்கால இரவுகளில் மீனவர்க்கான சங்கத்தின் அமைப்பைத் தனித்திருந்து சிந்தித்தார்.

சங்கத்தின் தோற்றம்

1908-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், ஹெரிங் நெக் ஊரிலிருந்த மண்டபம் ஒன்றில் மீனவரைக் கூட்டித் தம் கருத்தை விளக்கினார். கேட்டவர் பலர்; சங்கத்திற் சேர்வதாகக் கையொப்பமிட்டவர் 19 பேரே. அத்தொகையைக் கண்டு அவர் தளரவில்லை. கோடையில் படகேறியும், குளிர்காலத்தில் பனியில் நடந்தும் ஊர் ஊராகச் சென்றார். மீனவர் பாதுகாப்புச் சங்கம் எனப் பெயர்பெற்ற அவ்வமைப்பு, ஊர்தோறும் ஒரு கிளை, மாவட்டந்தோறும் ஓர் அவை, அனைத்திற்கும் மேலாக ஆண்டுதோறும் கூடும் பேரவை என ஒழுங்குற வளர்ந்தது. 1914-ஆம் ஆண்டிற்குள் உறுப்பினர் தொகை 20,000-ஐக் கடந்தது. அந்நாட்டின் மொத்த மக்களே ஏறத்தாழ 2,40,000 பேர் என்பதை நோக்கின் இவ்வளர்ச்சியின் பெருமை விளங்கும்.

சங்கத்தின் கொள்கை, ஒவ்வொருவனுக்கும் அவனுக்கு உரியது சேர்தல் வேண்டும் என்பதே. வணிகனை அழித்தல் அதன் நோக்கமன்று; வணிகன் தன் பங்கினும் மிகுதியாகக் கொள்ளாதவாறு காத்தலே நோக்கமாகும். 1910-ஆம் ஆண்டில் மீனவர்க்கெனத் தனிச் செய்தித்தாள் ஒன்றைக் கோக்கர் தொடங்கினார். அதற்கு மீனவரின் வழக்குரைஞர் எனப் பொருள்படும் பெயர் சூட்டினார். தலைநகரத்து வணிகர் மட்டுமே அறிந்திருந்த செய்திகளைக் கரையோரச் சிற்றூர்களும் அத்தாளின் வாயிலாக அறியலாயின.

எதிர்ப்பும் தோன்றாமலில்லை. வணிகர் சினந்தனர். சங்கத்தில் மறைவான உறுதிமொழி எடுக்கும் வழக்கம் இருந்தமையால், கத்தோலிக்கத் திருச்சபையின் பேராயர் தம் மக்கள் அதிற் சேர்தலைக் கடிந்தார். பின்னர் அவ்வுறுதிமொழி மாற்றப்பட்டது. எனினும் ஐயம் முற்றும் நீங்கவில்லை. சங்கம் சீர்திருத்தச் சபையார் மிகுந்த வடகரையில் வேரூன்றியது. கத்தோலிக்கர் மிகுந்த தென்கரையில் வேரூன்றவில்லை. ஒரே கடலில் ஒரே மீனைப் பிடித்து ஒரே துன்பத்தை நுகர்ந்தவர் இங்ஙனம் இரு பிரிவாய் நின்றது சங்கத்திற்குத் தீராக் குறையாயிற்று.

சங்கக் கடையும் சங்க நகரமும்

ஒன்று கூடுதல் மட்டும் விலையை உயர்த்தாது. விற்கவும் வாங்கவும் மாற்றிடம் வேண்டும். இதனை உணர்ந்த கோக்கர் 1911-ஆம் ஆண்டில் சங்க வாணிகக் கம்பெனியை நிறுவினார். பங்கொன்றின் விலை 10 டாலர். சங்க உறுப்பினரே பங்கு பெறலாம். கிளைகளின் ஊர்களில் கடைகள் திறக்கப்பட்டன. மாவும் உப்பும் மொத்தமாக வாங்கப்பட்டுக் குறைந்த இலாபத்திற்கு விற்கப்பட்டன. மீனுக்குக் கைமேல் காசு கொடுக்கப்பட்டது. சங்கக் கடை உள்ள ஊர்களில் மற்ற வணிகரும் தம் விலையைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. ஆதலின் அக்கடையால் அதனை நாடினோர் மட்டுமன்றி நாடாதோரும் நலம் பெற்றனர்.

அடுத்து அவர் செய்தது பெருந்துணிவான செயல். தலைநகரத்து வணிகர் நிழலில் இருத்தலாகாது எனக் கருதி, காட்டலினா என்னும் துறைமுகத்தை அடுத்த வெற்றிடத்தில் 1916-ஆம் ஆண்டு முதல் ஒரு புது நகரம் எழுப்பினார். அதுவே போர்ட் யூனியன், அதாவது சங்கத் துறை. அங்குப் பண்டகசாலையும் உப்புக் கிடங்கும் கப்பல் கட்டும் துறையும் அச்சகமும் தொழிலாளர் வீடுகளும் எழுந்தன. ஆற்று நீரால் மின்னாற்றல் ஆக்கப்பட்டு, நகரமும் அயலூரும் விளக்கொளி பெற்றன. அரசரும் செல்வரும் நகரங் கட்டியதை நாம் பலவாகக் கேட்டிருக்கின்றோம். மீன் பிடிப்போர் சங்கம் தன் பத்து டாலர்ப் பங்குகளைக் கொண்டு நகரங் கட்டியதை வேறெங்குக் கேட்டோம்!

சட்டசபையில்

தரம் பிரித்தலும் ஏற்றுமதியும் சட்டத்தால் அன்றிச் சீர்ப்படா என்பது கோக்கரின் துணிபு. 1912-ஆம் ஆண்டு டிசம்பரில் பொனவிஸ்டா நகரிற் கூடிய பேரவை, அரசியல் வேண்டுகோள்கள் அடங்கிய திட்டம் ஒன்றை ஏற்றது. மீனுக்கு நாடெங்கும் ஒரே தர அளவு, வெளிநாட்டுச் சந்தை விலையை மீனவர்க்கு அறிவித்தல், சிற்றூர்களில் மருத்துவமனைகள், முதியோர்க்கு உதவிப்பணம், இலவசக் கட்டாயக் கல்வி முதலியன அதன் கூறுகளாம். கல்வி அதில் இடம்பெற்றது தற்செயலன்று. தன் கணக்கைத் தானே படிக்க இயலாதவன், எத்துணை நேரிய விலை குறிக்கப்பட்டாலும் ஏமாற்றப்படுவான் என்பதைக் கடைக் கணக்கராயிருந்த கோக்கர் அறிவார்.

1913-ஆம் ஆண்டுத் தேர்தலில் சங்கம் 9 இடங்களுக்குப் போட்டியிட்டு 8-ஐ வென்றது. மறு ஆண்டு இளவேனிலில், கடல்நாய் வேட்டைக்குச் செல்லும் தொழிலாளர் படும் பாட்டை நேரிற் காணவேண்டி, கோக்கர் தாமே நாஸ்கோப்பி என்னும் வேட்டைக் கப்பலில் உடன் சென்றார். அவ்வேட்டைக் காலத்திலேயே நியூபவுண்டுலாந்து என்னும் பெயருடைய மற்றொரு கப்பலின் ஆட்கள் 132 பேர், கடும் பனிப்புயலில் உறைகடல்மேல் இரண்டு இரவுகள் கைவிடப்பட்டனர். அவருள் 78 பேர் மாண்டனர். அக்கப்பலில் இருந்த கம்பியில்லாத் தந்திக் கருவி, ஊதியம் தரவில்லையென்று முன்பே அகற்றப்பட்டிருந்தது. ஆதலின் ஆட்கள் கப்பலுக்கு மீளாமை எவருக்கும் உரிய காலத்தில் தெரியவில்லை. கோக்கர் சட்டசபையில் இக்கொடுமையை எடுத்துக்காட்டி வேட்டைத் தொழிலாளர்க்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டிப் போராடினார். பின்னாளிற் பிறந்த சட்டங்களுக்கு அப்போராட்டம் வித்தாயிற்று.

போரும் பிணக்கும்

முதல் உலகப் போர் அவர் புகழுக்கு ஊறு விளைத்தது. 1917-ஆம் ஆண்டில் கட்சிகள் எல்லாம் சேர்ந்த தேசிய அமைச்சரவையில் அவரும் சேர்ந்தார். மறு ஆண்டு கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்தபோது, மக்கள் வாக்கைக் கேளாது அதனை ஆதரித்தார். மீன்பிடி காலத்தில் மைந்தரைப் படைக்கு அனுப்பின் குடும்பமே பட்டினி கிடக்கும் என்றஞ்சிய மீனவர், தம் தலைவர் தம்மைக் கேளாமல் இசைந்தாரே என மனம் வெதும்பினர். கிளைகள் பலவற்றிலிருந்து கண்டனம் எழுந்தது. அவர் கருதிய காரணங்கள் எவையாயினும், பலரைக் கேட்டு நடப்பதற்கென்றே கண்ட சங்கத்தில் தலைவர் தனித்து முடிவு செய்தது பிழையே என்பது நம் கருத்து.

அமைச்சராய் ஆற்றிய பணி

எனினும் 1919-ஆம் ஆண்டுத் தேர்தலில் சங்கத்தார் 11 இடங்களைப் பெற்றனர். ஸ்குயர்ஸ் என்பார் தலைமையில் அமைந்த அமைச்சரவையில் கோக்கர் கடற்றுறை, மீன்பிடித் துறைகளின் அமைச்சரானார். தம் வாழ்நாளின் நோக்கத்தை முடிக்கும் காலம் இதுவே என எண்ணினார்.

போர் முடிந்தபின் கருவாட்டின் விலை விரைந்து சரியலாயிற்று. நார்வே முதலிய நாடுகளின் மீனும் சந்தைக்கு வந்தது. இத்தாலியிலோ மீன் வாங்குவோர் அனைவரும் ஒரே கூட்டாய்த் திரண்டு குறைந்த விலைக்கே கேட்டனர். வாங்குவோர் ஒன்றுபட, விற்போர் பலராய்ப் பிரிந்து நின்றால் விலை என்னாகும்? இதற்கு மருந்தாகக் கோக்கர் ஏற்றுமதி விதிகளை வகுத்தார். அரசின் உரிமச்சீட்டின்றி எவரும் கருவாட்டை ஏற்றுமதி செய்யலாகாது. சந்தைதோறும் குறித்த விலைக்குக் கீழ் விற்கலாகாது. வெளிநாடுகளில் அரசின் வாணிகப் பிரதிநிதிகள் இருந்து சந்தை நிலையை அறிவிப்பர். மீனவனுக்கு நேரிய விலை கிடைக்க வேண்டின், அவனிடம் வாங்கும் வணிகனும் வெளிநாட்டில் நேரிய விலை பெறுதல் வேண்டும் என்பதே இவ்விதிகளின் உட்பொருள்.

ஆனால் இம்முயற்சி நெடுநாள் நிற்கவில்லை. சில ஏற்றுமதி வணிகர் விதியை மீறிக் குறைந்த விலைக்கு விற்றனர். விதிக்கு அடங்கியோர் மீன் கிடங்கில் தேங்க, மீறியோர் மீன் விலைபோயிற்று. இக்காட்சி மற்றையோர் உறுதியையும் குலைத்தது. மீன் விற்காத சினம் கோக்கர்மேல் திரும்பியது. 1921-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விதிகள் நீக்கப்பட்டன. பத்து ஊர் மீனவர் சேர்ந்து ஒரு கடை வைத்தபொழுது வென்ற ஒற்றுமை, நாடு முழுதும் தழுவிய வாணிகத்தில் வெல்லவில்லை. கூட்டு விலையைக் காக்கும் அணையில் ஒரு துளை போதும். நீர் முழுவதும் வடிந்துவிடும்.

இறுதி நாட்கள்

1923-ஆம் ஆண்டில் அவருக்கு ஸர் பட்டம் வழங்கப்பட்டது. ஆனால் அரசியலில் அவருக்கு வெறுப்பே மிகுந்தது. 1926-ஆம் ஆண்டில் சங்கத் தலைமையினின்று விலகினார். பின்னரும் சில காலம் அமைச்சரவையில் இருந்தாராயினும் பழைய ஊக்கம் மீளவில்லை. உலகெங்கும் பரவிய வாணிக மந்தத்தால் நாடு கடனில் மூழ்கியது; 1934-ஆம் ஆண்டில் நியூபவுண்டுலாந்து தன்னாட்சியையே இழந்து, பிரிட்டனால் அமர்த்தப்பட்ட ஆணைக்குழுவின் ஆட்சிக்கு உட்பட்டது. கோக்கர் குளிர்காலங்களை ஜமைக்காத் தீவிற் கழித்துவந்தார். 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் உயிர் நீத்தார். அவர் உடல் போர்ட் யூனியனுக்கே கொண்டுவரப்பட்டு, அவர் எழுப்பிய நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

முடிவுரை

கோக்கர் தோற்றார் எனக் கூறுவோர் உளர். அவர் ஆக்கிய விதிகள் அழிந்தமை உண்மையே. ஆயினும் 1936-ஆம் ஆண்டில் ஆணைக்குழு ஆட்சி மீன்பிடி வாரியம் ஒன்றை நிறுவி, தரத்தையும் ஏற்றுமதியையும் ஒழுங்குசெய்யத் தொடங்கியது. 1947-ஆம் ஆண்டில் ஏற்றுமதி வணிகரே ஒன்றுகூடி, நாட்டின் கருவாடு முழுவதையும் ஒரே வாயில் வழியாக விற்கும் கழகமொன்றை அமைத்தனர். 1921-இல் எள்ளி நீக்கப்பட்ட கருத்து, ஒரு தலைமுறை கழியுமுன் வேறு உருவில் ஏற்கப்பட்டது. விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை, அவ்வளவே.

வேறொன்றும் நாம் நோக்கத்தக்கது. 1992-ஆம் ஆண்டில், அளவிறந்து பிடித்தமையால் காட் மீன் அருகியதெனக் கனடிய அரசு வடகடலில் அதனைப் பிடிக்கவே தடை விதித்தது. பல்லாயிரவர் தொழில் இழந்தனர். நேரிய விலை மட்டும் மீனவனைக் காவாது. மீனும் கடலில் இருத்தல் வேண்டும். இவ்வினா கோக்கர் காலத்தில் இத்துணைப் பெரிதாக எழவில்லை. ஆனால் தன் தொழிலின் கணக்கைத் தானே அறிந்து, தன் சங்கத்தின் வாயிலாகப் பேசும் உரிமை மீனவனுக்கு வேண்டும் என்று அவர் காட்டிய நெறி இவ்வினாவிற்கும் பொருந்துவதேயாம்.

கல்லூரியில் கணக்கும் வாணிகமும் பொருளியலும் பயில்வோர் இவ்வரலாற்றைப் படித்து ஒன்றை உளங்கொள்வாராக. கோக்கரிடம் பட்டமில்லை, நெடுநாட் பள்ளிப் படிப்புமில்லை. கணக்கேட்டைப் படிக்கும் அறிவும், தந்திச் செய்தியின் பயனை உணரும் அறிவும், அவற்றைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாது பிறர்க்கு வழங்கும் உள்ளமுமே அவர் முதல். அங்காடியில் மீனையோ நெல்லையோ வாங்குங்கால், இவ்விலையைக் குறித்தவர் யார், இதில் உழைத்தவனுக்குச் சேர்ந்தது எவ்வளவு என்று கேட்கும் பழக்கம் நம்மிடை வளருமாயின், கற்ற கல்வி பயனுடையதாகும். அப்பழக்கமே அப்பெரியார்க்கு நாம் எடுக்கும் நினைவுச்சின்னமுமாம்.